பத்து நிமிஷம் சும்மா இருந்தால்...

மதியம் ஒன்றரை மணி. ராஜபாளையத்தில் மில் ஆபீஸ்காரர்கள் டிபன் கேரியரைத் திறக்கிற நேரம். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் சாப்பாட்டுக்குக் கலைகிற நேரம். நாற்காலிகளில் ஆள் இல்லை. ஆனால் மேசை மேல் இருக்கும் சிஸ்டம் எல்லாம் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஆளில்லாத அந்தத் திரைகளை நாலு வகையாகப் பிரித்துவிடலாம். சில கறுப்பாக அணைந்து கிடக்கும். சிலவற்றில் ஆண்டாளின் சாய்ந்த கொண்டையும் கைக்கிளியும், குற்றால அருவியும், வீட்டுக் குழந்தையின் பிறந்தநாள் படமும் மாறி மாறி வரும். சிலவற்றில் கம்பெனிப் பெயர் முப்பரிமாண எழுத்தில் குட்டிக்கரணம் போடும். நாலாவது வகைதான் வில்லங்கம். உட்கார்ந்திருந்தவர் எழுந்தபோது திரை எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். வாடிக்கையாளரின் ஆதார் எண், யார் எவ்வளவு பாக்கி என்று சொல்லும் லெட்ஜர், சம்பளப் பட்டியல் எல்லாம் வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்.

ஒரு திரை இந்த நாலில் எந்த வகை என்பதை முடிவு செய்வது ஒரு சின்னப் பெட்டி. பெயர் ‘ஸ்கிரீன் சேவர் செட்டிங்ஸ்’. கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து அதைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம். திறந்தவர்களும் மேலே இருக்கும் படத்தை மாற்றிவிட்டு மூடிவிடுவார்கள். கீழே ஓரமாக இருக்கும் இரண்டு சங்கதிகள்தான் அந்தப் பெட்டியின் உயிர்: எத்தனை நிமிஷம் என்று கேட்கும் கட்டம் ஒன்று, பாஸ்வேர்டு வேண்டுமா என்று கேட்கும் டிக் ஒன்று.

இந்தப் பெட்டி எங்கெல்லாம் கிடக்கிறது என்று பார்த்தால் விருதுநகர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி முழுவதுமே வந்துவிடும். கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருக்கும் கலசலிங்கத்தின் ஆய்வகங்கள். கலெக்டர் ஆபீஸ் விருதுநகரில் இருந்தாலும் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில், அதன் அலுவலகங்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவின் கடைகளில் பில் போடும் மேசைகள். தேசிய நெடுஞ்சாலை 744-ல் இன்னும் கொஞ்சம் தெற்கே வந்தால் ராஜபாளையம். 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதல் இன்றைய நூற்பாலைகள் வரை அத்தனை ஆபீஸும். பக்கத்தில் பேண்டேஜ் துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டி, நைட்டிக்குப் பேர்போன தளவாய்புரம். கம்ப்யூட்டர் ராஜபாளையத்துக்குப் புதிதும் அல்ல. ராம்கோ குழுமத்துக்குள் ஒரு பிரிவாகப் பிறந்த ராம்கோ சிஸ்டம்ஸ் பல நாடுகளுக்கு மென்பொருள் விற்கிறது. சென்னையிலிருந்து இயங்கினாலும் அதன் பதிவு அலுவலகம் ராஜபாளையம் பி.எஸ்.கே. நகரில்தான் இருக்கிறது.

கண்ணாடியில் பதிந்த பேய்

திரையை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? இன்று கம்ப்யூட்டர் கற்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி நியாயமானது. பின்பக்கம் பூசணிக்காய் போல் தள்ளிக்கொண்டிருந்த பழைய மானிட்டரை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் கண்ணாடிக் குழாயின் உட்புறம் பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சு இருக்கும். பின்னாலிருந்து வரும் எலக்ட்ரான் கற்றை பட்ட இடம் ஒளிரும். ஒரே எழுத்து ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் அந்த இடத்துப் பூச்சு மட்டும் சீக்கிரம் களைத்துவிடும். பல வருஷம் ஒரே இடத்தில் காலண்டர் தொங்கிய சுவரில், அதை எடுத்த பிறகும் ஒரு சதுரம் தெரியுமே, அந்த மாதிரி மானிட்டரை அணைத்த பிறகும் எழுத்தின் நிழல் தெரியும். பச்சை எழுத்து மட்டும் காட்டிய ஒற்றை நிற மானிட்டர்களில் இது அதிகம். நாள் முழுக்க ஒரே மெனுவைக் காட்டிக்கொண்டிருக்கும் ஆபீஸ் மென்பொருள்கள்தான் முதல் குற்றவாளி.

ஜான் சோக்கா என்ற அமெரிக்க நிரலாளர் இதற்கு மருந்து கண்டார். ஐபிஎம் பிசிக்காக அவர் எழுதிய சின்ன நிரல், 1983 டிசம்பரில் ‘சாப்ட்டாக்’ என்ற பத்திரிகையில் வெளியானது. மூன்று நிமிஷம் யாரும் விசையைத் தொடவில்லை என்றால் திரையைக் கறுப்பாக்கிவிடும், அவ்வளவுதான். மூன்று நிமிஷம் போதாது, ஐந்து வேண்டும் என்றால்? நிரலில் எண்ணை மாற்றி, மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். செட்டிங்ஸ் பெட்டி என்ற ஒன்றே அதில் கிடையாது. இந்த சோக்காதான் பின்னால் ‘நார்ட்டன் கமாண்டர்’ எழுதியவர். 1990களில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போன தலைமுறைக்கு அந்த நீலத் திரையும் இரண்டு பத்திகளும் நன்றாக நினைவிருக்கும்.

நேரத்தைப் பயனரே மாற்றிக்கொள்ளும் வசதியை அதே 1983-ல் ஆப்பிளின் லிசா கணினி கொடுத்தது. வீட்டில் விளையாடும் அட்டாரி 400, 800 கணினிகளில் 1979-லேயே, சும்மா விட்டால் நிறங்கள் தானாக மாறும் ஏற்பாடு இருந்தது. ஆனால் உலகம் முழுக்க ஆபீஸ் மேசைக்கு இதைக் கொண்டுவந்தது 1992-ல் வந்த விண்டோஸ் 3.1. வெறும் கறுப்பு, பறக்கும் ஜன்னல்கள், நட்சத்திர வெளி, வளைந்து நெளியும் கோடுகள், ஓடும் எழுத்து எனப் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். எத்தனை நிமிஷம் என்று எழுதலாம். பாஸ்வேர்டு வைக்கலாம். இன்றைய பெட்டியின் எலும்புக்கூடு அன்றே தயார்.

இதற்கிடையில் இது பெரிய வியாபாரமாகவும் ஆனது. பெர்க்லி சிஸ்டம்ஸ் நிறுவனம் 1989-ல் மேக் கணினிக்காக வெளியிட்ட ‘ஆஃப்டர் டார்க்’ தொகுப்பில் இறக்கை முளைத்த ரொட்டி டோஸ்டர்கள் பறந்தன. மக்கள் அதைக் காசு கொடுத்து வாங்கினார்கள். ஜெஃபர்சன் ஏர்பிளேன் என்ற ராக் இசைக்குழு, தங்கள் 1973 இசைத்தட்டின் அட்டையில் ஏற்கெனவே டோஸ்டர் பறந்திருக்கிறது என்று வழக்குப் போட்டது. அப்போதே வணிக முத்திரை பதிவு செய்யவில்லை என்பதால் தோற்றது. சும்மா இருக்கும் நேரத்துக்கான படத்துக்கு நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்.

‘ஓடும் எழுத்து’ தமிழில் ஓடியது

விண்டோஸ் 95, 98 காலத்து ஸ்கிரீன் சேவர்களில் தமிழ்நாட்டுக் கடைகளுக்கு ரொம்பப் பிடித்தது மார்க்கீ, அதாவது ஓடும் எழுத்து. அதன் செட்டிங்ஸ் பெட்டியில் என்ன எழுத்து ஓட வேண்டும், பின்னணி என்ன நிறம், எவ்வளவு வேகம், திரையின் நடுவிலா அங்கங்கேயா என்று எல்லாம் கேட்கும். கூடவே எழுத்துருவை மாற்ற ஒரு பொத்தானும் உண்டு. யூனிகோடு இன்னும் மேசைக்கு வராத காலம். விண்டோஸ் தமிழை அறியாது. ஆனால் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருந்தன. டிடிபி தெரிந்தவர்களுக்கு இது போதும். கட்டத்தில் தட்டும்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்த குப்பை மாதிரித் தெரியும். எழுத்துருவை மாற்றி ஓகே கொடுத்தால், பத்து நிமிஷம் கழித்து திரையின் குறுக்கே ‘ஆண்டாள் துணை’ என்று அழகாக ஓடும். விண்டோஸுக்குத் தமிழ் தெரியாமலே விண்டோஸைத் தமிழ் காட்ட வைத்த அந்தக் கெட்டிக்காரத்தனத்தை, பின்னால் வந்த விண்டோஸ் 2000-ம் அதன் லதா எழுத்துருவும் தேவையற்றதாக்கிவிட்டன.

அதே காலத்தில் உலகப் புகழ் பெற்றது குழாய்கள். திரையில் ஒரு குழாய் முளைத்து, முட்டி முட்டித் திரும்பி, இன்னொன்று சேர்ந்து, கொஞ்ச நேரத்தில் மில்லுக்குள் இருக்கும் ஏர்கண்டிஷன் பைப் லைன் மாதிரி நிறைந்துவிடும். இது பிறந்த கதையை மைக்ரோசாப்டின் மூத்த நிரலாளர் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார். விண்டோஸ் என்டி 3.5 தயாரான நேரத்தில், ஓப்பன்ஜிஎல் என்ற முப்பரிமாண வரைகலை நுட்பத்தைக் காட்டிக்கொள்ள அதில் ஒரு வழியும் இல்லை. அந்தக் குழு தங்களுக்குள்ளேயே ஸ்கிரீன் சேவர் போட்டி ஒன்று வைத்தது. கடைசியில் போட்டிக்கு வந்த எல்லாவற்றையுமே விண்டோஸில் சேர்த்துவிட்டார்கள். குழாய்களின் மூட்டில் எப்போதாவது ஒரு டீ கெட்டில் தெரியும். அது வரைகலை ஆட்களின் உள்வட்டக் கேலி. மார்ட்டின் நியூவெல் 1975-ல் கணினியில் உருவாக்கிய ‘யூட்டா டீபாட்’ என்ற மாதிரி உருவம் அது.

அழகுக்கு ஒரு விலையும் இருந்தது. சர்வர் அறையில் யாரும் பார்க்காத மானிட்டரில் இந்தக் குழாய்கள் ஓடிக்கொண்டிருக்க, அவற்றை வரைவதற்கே சர்வரின் செயலி பெரும்பங்கு உழைத்தது. மற்ற எல்லா வேலையும் மந்தமாகும். சர்வரில் வெறும் கறுப்புத் திரையையே வையுங்கள் என்று மைக்ரோசாப்டே அறிவுரை சொல்ல வேண்டி வந்தது.

பெட்டிக்குள் இருக்கும் பெட்டி

விண்டோஸ் 11-ல் இந்தப் பெட்டியைத் தேடுவதே ஒரு வேலை. அமைப்புகளுக்குள் போய், பர்சனலைசேஷன், அதற்குள் லாக் ஸ்கிரீன், அதன் அடியில் ஸ்கிரீன் சேவர். ஸ்டார்ட் விசையை அழுத்தி அந்தப் பெயரையே தட்டுவது சுலபம். புதுப்புது வளைவுகளோடு மினுங்கும் விண்டோஸ் 11-க்குள்ளிருந்து இருபது வருஷம் பழைய முகத்தோடு ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். உச்சியில் குட்டி மானிட்டர் படம், கீழே பட்டியல், பக்கத்தில் செட்டிங்ஸ், பிரிவியூ என்று இரண்டு பொத்தான்கள். வாங்கிய புதிதில் பட்டியலில் ‘நன்’ என்றுதான் இருக்கும், அதாவது எதுவுமே இல்லை.

அந்தக் குட்டி மானிட்டர் படத்துக்குள் ஓடுவது வீடியோ அல்ல. அதே ஸ்கிரீன் சேவர் நிரல்தான், சின்ன உருவில் நிஜமாகவே ஓடுகிறது. ஒவ்வொரு ஸ்கிரீன் சேவரும் ஒரு முழு நிரல். அதன் கோப்புப் பெயரின் கடைசியில் எஸ்சிஆர் என்ற மூன்றெழுத்து வால் இருக்கும். விண்டோஸ் அதைக் கூப்பிடும்போது கூடவே ஒரு எழுத்தையும் சொல்லி அனுப்பும். ‘எஸ்’ என்றால் முழுத் திரையில் ஓடு. ‘பி’ என்றால் அந்தக் குட்டிப் படத்துக்குள் ஓடு. ‘சி’ என்றால் ஓடாதே, உன் செட்டிங்ஸ் பெட்டியைத் திற. செட்டிங்ஸ் பொத்தானை அழுத்தும்போது திறக்கும் இரண்டாவது பெட்டி விண்டோஸுடையது அல்ல, அந்த நிரலுடையது. அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

முப்பரிமாண எழுத்தைத் தேர்ந்தால் கேள்விகள் நிறைய. நம் எழுத்தா, மணியா? எவ்வளவு பெரிசு? சுழல வேண்டுமா, ஊஞ்சலாட வேண்டுமா, தள்ளாட வேண்டுமா, குட்டிக்கரணம் அடிக்க வேண்டுமா? என்ன எழுத்துரு, என்ன மேற்பூச்சு? போட்டோஸ் என்பதைத் தேர்ந்தால் எந்தக் கோப்புறை, எந்த வேகம், வரிசையாகவா கலைத்துப் போட்டா என்று மட்டும் கேட்கும். அந்தக் கோப்புறையில் என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டிப் பார்த்துவிடுவது நல்லது. வீட்டு விசேஷப் படங்களோடு பான் கார்டு ஸ்கேனும் அதே இடத்தில் கிடக்கும் ஆபீஸ்கள் உண்டு. குமிழி, ரிப்பன், வளைகோடு மூன்றுக்கும் செட்டிங்ஸை அழுத்தினால், மாற்ற எதுவும் இல்லை என்ற பதில்தான் வரும். விண்டோஸ் 95-ல் கோட்டின் நிறம் வரை நம் கையில் இருந்தது என்பதை நினைத்தால் இது பின்னேற்றம்தான்.

எஸ்சிஆர் ஒரு முழு நிரல் என்பதற்கு இன்னொரு பக்கம் உண்டு. நிரல் என்றால் எதையும் செய்யலாம். 2000-க்குப் பிறகான பிரவுசிங் சென்டர் காலத்தில் ‘இலவச சாமி படம் ஸ்கிரீன் சேவர்’ என்று எத்தனையோ கோப்புகள் சுற்றி வந்தன. படத்தோடு விளம்பர நிரலும் ஒட்டிக்கொண்டு வரும். 2004 ஜனவரியில் உலகத்தைக் கலக்கிய மைடூம் புழு, மின்னஞ்சல் இணைப்புகளில் எஸ்சிஆர் வாலையும் மாட்டிக்கொண்டு வந்தது. விண்டோஸ் கோப்பின் வாலை மறைத்து வைக்கும் பழக்கமுடையது. பெயரில் படம் மாதிரி ஒரு வாலும், அதற்குப் பின்னால் மறைந்த நிஜ வாலும் இருந்தால், இரட்டை கிளிக் செய்பவர் படத்தைத் திறக்கிறோம் என்று நினைத்து நிரலை ஓட்டிவிடுவார். இன்றைக்கும் வாட்ஸ்அப்பிலோ பென் டிரைவிலோ வரும் எஸ்சிஆர் கோப்பைத் தொடாமல் விடுவதுதான் சரி. சாமி படம் வேண்டுமென்றால் படத்தையே ஒரு கோப்புறையில் போட்டு போட்டோஸைத் தேர்ந்துகொள்ளலாம்.

இனி அந்த டிக். ‘ஆன் ரெஸ்யூம், டிஸ்ப்ளே லாகான் ஸ்கிரீன்’ என்று நிமிஷக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும். டிக் போட்டால், மௌஸை அசைத்ததும் படம் விலகி பாஸ்வேர்டு கேட்கும். போடாவிட்டால் நேராக லெட்ஜர்தான். விண்டோஸ் 95-ன் ஸ்கிரீன் சேவர் பூட்டு வெறும் கதவுத் திரை மாதிரியானது. பாஸ்வேர்டை எளிதில் அவிழ்க்கிற மாதிரி கணினிக்குள்ளேயே வைத்திருந்தது. சிடி போட்டால் தானாக ஓடும் வசதியை வைத்தே அதைத் திறந்தார்கள். இன்றைய பூட்டு அப்படி அல்ல, விண்டோஸின் உள்நுழைவுப் பூட்டே அதுதான். ஆகவே டிக் போட்டவருக்குக் கிடைப்பது நிஜமான பாதுகாப்பு.

எத்தனை நிமிஷம்? அந்தக் கட்டம் 1 முதல் 9999 வரை ஏற்கும். 9999 நிமிஷம் என்றால் கிட்டத்தட்ட ஏழு நாள். பாஸ்வேர்டு தட்டச் சோம்பல்பட்டு அந்த எண்ணையே வைப்பவர்களும் உண்டு. கார்டு பரிவர்த்தனை நடக்கும் இடங்களுக்கான சர்வதேசப் பாதுகாப்பு நெறி, 15 நிமிஷத்துக்கு மேல் சும்மா இருந்தால் மறுபடி அடையாளம் கேட்க வேண்டும் என்கிறது. பொதுமக்கள் எட்டிப் பார்க்கும்படி மேசை உள்ள இ-சேவை மையத்துக்கும் மருந்துக்கடைக்கும் அது அதிகம். அங்கே மூன்று, நான்கு நிமிஷம்தான் பொருத்தம். உள்ளே தனியறையில் இருக்கும் கணக்குப் பிரிவுக்குப் பத்து போதும். எழுந்திருக்கும்போதே விண்டோஸ் விசையோடு ‘எல்’ விசையை அழுத்தும் பழக்கம் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். ஆனால் டீ வந்துவிட்டது என்று குரல் கேட்டதும் எழுந்து ஓடுகிறவர் எந்த விசையையும் அழுத்துவதில்லை. அவருக்காகத்தான் அந்தக் கட்டம்.

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் கையாள்பவர்கள் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்ய வேண்டும் என்கிறது. தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அந்த உச்சத் தொகை பெட்டிக்கடை அளவு ஆபீஸுக்கானது அல்ல. ஆனால் ஆதார் நகலும் செல்போன் எண்ணும் தினமும் கைமாறும் மேசையில், காசே செலவில்லாத ஏற்பாடு இந்த ஒரு டிக்தான்.

லினக்ஸ் பக்கம்

விண்டோஸ் மட்டும்தான் கம்ப்யூட்டர் என்று நினைக்க வேண்டாம். நாடு முழுவதும் இ-கோர்ட்ஸ் திட்டத்தில் கீழமை நீதிமன்றங்களுக்குப் போனது உபுண்டு லினக்ஸ். தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் கைக்கு வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் நம் ஊர்ச் சரக்கு. சென்னை சி-டாக் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது.

உபுண்டுவின் இன்றைய செட்டிங்ஸில் படம், குழாய், குமிழி எதுவும் கிடையாது. அது பின்பற்றும் க்னோம் மேசைத்தளம் 2011-ல் மூன்றாம் பதிப்புக்கு வந்தபோது எல்லா வேடிக்கையையும் தூக்கிவிட்டது. எத்தனை நிமிஷத்தில் திரை கறுக்க வேண்டும், அதற்குப் பிறகு எவ்வளவு நேரத்தில் பூட்ட வேண்டும் என்ற இரண்டே கேள்விகள்தான். அழகு விரும்பிகள் திட்டினார்கள். ஆனால் நீதிமன்ற மேசைக்கு வேண்டியது அந்த இரண்டும்தான்.

வேடிக்கை வேண்டியவர்கள் போகும் இடம் எக்ஸ்ஸ்கிரீன்சேவர். ஜேமி ஸவின்ஸ்கி என்பவர் 1992-ல் வெளியிட்டு, முப்பது வருஷத்துக்கு மேலாக இன்னும் பராமரித்து வரும் நிரல். இருநூறுக்கும் மேற்பட்ட காட்சி முறைகள் அதில் இருக்கின்றன. அதன் செட்டிங்ஸ் பெட்டி, கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு பாடம். உச்சியில் ‘மோட்’ என்ற ஒரே பட்டியல். வேண்டவே வேண்டாம் என்பது ஒன்று. வெறும் கறுப்பு போதும் என்பது ஒன்று. நான் தேர்ந்த ஒரே காட்சி என்பது ஒன்று. நான் டிக் போட்டு வைத்தவற்றில் எதையாவது மாற்றி மாற்றிக் காட்டு என்பது இன்னொன்று. இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு, இரண்டிலும் ஒரே காட்சியே ஓடட்டும் என்று சொல்லவும் வழி உண்டு.

கீழே மூன்று கடிகாரங்கள். எத்தனை நிமிஷத்தில் காட்சி தொடங்க வேண்டும். எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை காட்சி மாற வேண்டும். தொடங்கி எவ்வளவு நேரம் கழித்துப் பூட்ட வேண்டும். முதல் இரண்டும் பத்து நிமிஷம் என்று வைக்கப்பட்டே வரும். மூன்றாவதுதான் இதன் நயம். காட்சி தொடங்கிய உடனே பூட்டாமல் இரண்டு நிமிஷம் சலுகை கொடுத்தால், திரை மறைந்ததைப் பார்த்து உடனே மௌஸை அசைத்தவர் பாஸ்வேர்டு தட்ட வேண்டியதில்லை. ஆளே இல்லை என்றால் பூட்டு விழும். விண்டோஸ் பெட்டியில் இந்தச் சலுகைக்குக் கட்டமே இல்லை.

ஸவின்ஸ்கி தன் நிரலை விண்டோஸுக்குக் கொண்டுவர மறுத்துவிட்டார். இன்னொரு விஷயத்தில் அவர் பல வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தார்: பூட்டும் வேலையைச் செய்யும் நிரலில் அலங்காரத்தைச் சேர்க்காதீர்கள், அலங்காரம் விழுந்தால் பூட்டும் விழும். 2021 ஜனவரியில் அது நிரூபணமானது. லினக்ஸ் மின்ட் பயன்படுத்தும் ஒருவரின் குழந்தைகள், பூட்டிய திரையின் மேல் தெரிந்த மெய்நிகர் விசைப்பலகையிலும் நிஜ விசைப்பலகையிலும் ஒரே நேரத்தில் கண்டபடி தட்டியிருக்கிறார்கள். பூட்டு நிரல் செத்துவிழுந்து மேசை திறந்துகொண்டது. அப்பா அதை முறையாகப் புகார் செய்ய, திருத்தம் வெளியானது. தேர்ந்த பாதுகாப்பு நிபுணர்களுக்குக் கிட்டாத ஓட்டையை இரண்டு பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கரண்ட் பில்லும் மில்லும்

ஸ்கிரீன் சேவர் ஓடினால் கரண்ட் மிச்சம் என்ற நம்பிக்கை இன்னும் பலருக்கு உண்டு. கிடையாது. படம் ஓடும் திரைக்கும் வேலை நடக்கும் திரைக்கும் ஒரே கரண்ட். முப்பரிமாணக் காட்சி என்றால் செயலியும் சேர்ந்து உழைப்பதால் கூடவே ஆகும். மிச்சம் வேண்டுமென்றால் மானிட்டர் அணைய வேண்டும். அந்தக் கட்டளை வேறு பெட்டியில் இருக்கிறது. ஸ்கிரீன் சேவர் பெட்டியின் அடியில் ‘சேஞ்ச் பவர் செட்டிங்ஸ்’ என்று நீல எழுத்தில் அதற்கு வழி கொடுத்திருப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய குழாய் மானிட்டர் சுமார் 80 வாட். பத்து மானிட்டர்கள் தினம் மூன்று மணி நேரம் ஆளில்லாமல் எரிந்தால், 300 வேலை நாளில் 720 யூனிட். இன்றைய எல்இடி மானிட்டர் 20 வாட் என்று வைத்தால் 180 யூனிட். பில்லில் பெரிய தொகை இல்லை. ஆனால் கரண்ட் போய் யுபிஎஸ்ஸில் ஓடும் நேரத்தில் ஒவ்வொரு வாட்டும் கணக்கு. காலியான மேசையின் திரை அணைந்தால், கணக்கை முடித்து சேமிப்பவருக்குச் சில நிமிஷம் கூடக் கிடைக்கும்.

எல்லா இடத்திலும் இது வேண்டும் என்றும் இல்லை. நூற்பாலையில் ரிங் பிரேம்களின் ஓட்டம், நூல் அறுபடும் அளவு ஆகியவற்றைக் காட்டிக்கொண்டே இருக்கும் கண்காணிப்புத் திரை மறையக் கூடாது. ஷிப்ட் மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும். அங்கே விசைப்பலகையைத் தனியே பூட்டி வைத்து, திரையை மட்டும் விட்டுவிடுவதுதான் வழக்கமான தீர்வு. வகுப்பறை புரொஜெக்டரும் அப்படித்தான். ஒரே ஸ்லைடில் பத்து நிமிஷம் விளக்கம் சொல்லும் பேராசிரியருக்குப் பின்னால் திடீரென்று அவர் வீட்டு நாய்க்குட்டி படம் வந்து நின்றால், அடுத்த கால் மணி நேரம் பாடம் நடக்காது. அந்தக் குட்டி ராஜபாளையம் நாயாக இருந்தால் இன்னும் நேரமாகும்.

சும்மா இருக்கும் நேரத்தைப் பெரிய காரியத்துக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1999 மே மாதம் தொடங்கிய செட்டி அட் ஹோம், ஸ்கிரீன் சேவர் வடிவில் வந்த வானியல் ஆராய்ச்சி. ரேடியோ தொலைநோக்கி பதிவு செய்த சமிக்ஞைகளைத் துண்டு துண்டாக வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பி, வேறு உலகத்தார் யாராவது பேசுகிறார்களா என்று தேடியது. ஐம்பது லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். 2020 மார்ச்சில் புதிய துண்டுகள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.

திரும்பி வந்த கறை

தட்டையான எல்சிடி மானிட்டர்கள் வந்தபோது பாஸ்பரும் போனது, பழைய கறையும் போனது. ஸ்கிரீன் சேவருக்கு வேலை முடிந்தது என்றார்கள். விண்டோஸில் ‘நன்’ என்று வைத்து அனுப்புவதும் அதனால்தான். ஓஎல்இடி அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. செல்போனிலும் விலை உயர்ந்த டிவியிலும் இருக்கும் இந்தத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. அதிகம் ஒளிர்ந்த புள்ளி முதலில் மங்கும். ஒரே சேனலின் சின்னம் ஓரத்தில் நின்றுகொண்டே இருக்கும் டிவியும், ஒரே விலைப்பட்டியல் நாள் முழுக்க நிற்கும் கடைத் திரையும், 1983-ன் பச்சை மானிட்டர் மாதிரியே தடம் வாங்குகின்றன.

ஆண்ட்ராய்டிலும் அந்தப் பழைய பெட்டி வந்து சேர்ந்தது. 2012-ல் வந்த 4.2 பதிப்பில் ‘டேட்ரீம்’ என்ற பெயரில் நுழைந்து, பின்னால் ஸ்கிரீன் சேவர் என்றே பெயர் மாறியது. செட்டிங்ஸில் டிஸ்ப்ளேக்குள் போனால் மணி, நிறங்கள், போட்டோக்கள் என்று சில காட்சிகள் இருக்கும். எப்போது தொடங்க வேண்டும் என்பதும் அங்கேயே: சார்ஜ் ஏறும்போதா, ஸ்டாண்டில் வைத்திருக்கும்போதா, இரண்டிலுமா, ஒருபோதும் வேண்டாமா. ஆண்ட்ராய்டு டிவியில் நிமிஷக் கணக்கையும் சேர்த்துக் கேட்கும்.

ஓஎல்இடி டிவிக்குத் தனக்கென்று இன்னொரு வைத்தியமும் உண்டு. சில மணி நேரம் ஓடி முடித்து ரிமோட்டில் அணைத்த பிறகு, ஸ்டாண்ட்பையில் இருந்தபடியே புள்ளிகளைச் சரிபார்த்துத் தேய்மானத்தை ஈடுகட்டிக்கொள்ளும். எல்ஜி டிவிகளில் மொத்தம் நாலு மணி நேரம் ஓடினால் இந்தச் சுற்று நடக்கும். அதற்கு பிளக்கில் கரண்ட் இருக்க வேண்டும். ஷட்டரை இறக்கும்போது மெயின் சுவிட்சையும் சேர்த்து அணைத்துவிட்டுப் போகும் கடைகளில் அந்தச் சுற்று ஒரு நாளும் ஓடாது. அங்கே டிவிக்கு மட்டும் தனி சுவிட்ச் வைத்து, இடி மின்னல் இல்லாத இரவுகளில் அதை விட்டுவைக்க வேண்டும்.